ஊர் உலகம் பார்க்கப் படையில் சேரலாமா?

கொட்டகலைத் தம்பி:
உயர்தரப் பரீட்சை எழுதி முடித்துவிட்டேன். கடற்படையில் சேர ஆசை. காரணத்தை ஒளிக்கவில்லை, நாலு நாடு பார்க்க வேண்டும். எங்கள் தேயிலைத் தோட்டத்தை விட்டு நான் அதிக தூரம் போனது கொழும்புக்குத்தான், அதுவும் மூன்று தடவை. அம்மா வேண்டாம் என்கிறார். முப்படையில் எதில் பயணம் அதிகம்?

பதுளைக்காரன்:
தம்பி, அம்மா பேச்சைக் கேளுங்கள். என்னோடு படித்தவன் தரைப்படையில் சேர்ந்து பதினொரு வருஷம். தியத்தலாவை, மின்னேரியா, மன்னார், எல்லாம் இலங்கைக்குள்ளேயே. அவ்வளவுதான் அவன் பார்த்த உலகம். சிப்பாய்க்கு ஓய்வூதியம் என்றால் 22 வருஷம் இருக்க வேண்டும். பிடிக்கவில்லை என்று பாதியில் ரயில் ஏறி வர முடியாது.

உப்புக்காற்று:
நான் கண்டிப் பக்கம். கடற்படையில் இயந்திரப் பிரிவில் இருந்தேன். பதுளைக்காரர் சொல்வது தரைப்படைக்குச் சரி, கப்பலுக்கு அல்ல. நம் கடற்படையின் 'விஜயபாகு' கப்பலை 2022-ல் நம்மவர்கள்தான் அமெரிக்காவின் சியாட்டிலிலிருந்து பசிபிக்கைக் கடந்து கொழும்புக்கு ஓட்டி வந்தார்கள். கூட்டுப் பயிற்சி, நல்லெண்ணப் பயணம் என்று பெரிய கப்பல்கள் வெளியே போகும். ஆனால் பெரும்பாலான நாள் நம் கடலிலேயே ரோந்துதான், அதையும் சொல்லிவிடுகிறேன். முதல் இரண்டு வாரம் வாந்தி எடுத்தே ஓய்ந்துபோனேன். அப்புறம் ஒரு விடியற்காலை தளத்தில் நின்று பார்த்தேன், எந்தப் பக்கமும் மலை இல்லை. அது மறக்காது.

பதுளைக்காரன்:
எத்தனை பேருக்கு அந்தக் கப்பல் கிடைக்கும் அண்ணே? வெளிநாடு போக ஐ.நா. அமைதிப்படையை நம்பித்தான் நிறையப் பேர் சேர்கிறார்கள். மாலியில் 2019 ஜனவரியில் நம் படையினர் இருவர் கண்ணிவெடியில் இறந்தார்கள். அந்தப் பணி 2023-ல் முடிந்தது. லெபனான் பணியையும் 2026 முடிவில் நிறுத்தப் பாதுகாப்புச் சபை தீர்மானித்துவிட்டது. இந்தத் தம்பி சேர்ந்து பயிற்சி முடிக்கும்போது என்ன மிஞ்சும்? பயணம்தான் வேண்டுமென்றால் வணிகக் கப்பல் இருக்கிறது. ஒப்பந்தம் முடிந்தால் வீட்டுக்கு வரலாம்.

தேயிலைப்பூ:
வணிகக் கப்பல் பயிற்சிக்குக் கட்டும் காசு தோட்டத்து வீட்டில் எங்கே இருக்கிறது? கொழுந்து பறிக்கும் அம்மாவிடம் கேட்பானா? படையில் பயிற்சிக் காலத்திலேயே சம்பளம் வரும். இன்னொன்று. 1948-ல் மலையகத் தமிழரான நம் ஆட்களின் குடியுரிமையைப் பறித்தார்கள். என் தாத்தா கடவுச்சீட்டு என்ற ஒன்றைக் கையில் தொடாமலே போய்ச் சேர்ந்தார். மிச்சமிருந்தவர்களுக்கு 2003-ல்தான் சட்டம் வந்தது. அந்தத் தோட்டத்து லயன் வீட்டுப் பேரன் உலகம் பார்க்க ஆசைப்படுவதைச் சின்ன விஷயமாகப் பேசாதீர்கள்.

பதுளைக்காரன்:
ஆசையைக் குறை சொல்லவில்லை அக்கா. துப்பாக்கி தூக்கும் வேலை அது. ஒரு நாள் யாருக்கு எதிராக நிறுத்துவார்கள் என்று அவன் யோசித்தானா? அதைத்தான் கேட்கிறேன்.

கொட்டகலைத் தம்பி:
அம்மாவும் இதையேதான் கேட்டார். என்னிடம் பதில் இல்லை, இன்னும் யோசிக்கிறேன். உப்புக்காற்று அண்ணே, எனக்கு நீச்சல் தெரியாது. சிங்களமும் அரைகுறை.

உப்புக்காற்று:
நீச்சல் பயிற்சியில் கற்றுத் தருவார்கள். கட்டளை பெரும்பாலும் சிங்களத்தில், அதை இப்போதே பழகுங்கள். அம்மாவின் கேள்விக்குப் பதில் கிடைக்கும்வரை விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடாதீர்கள் தம்பி.