ஜிர்கடாங் முதல் பாராடாங் வரை: அந்தமான் காட்டுச் சாலையில் உங்களுக்கு நேர்ந்தது என்ன?

வைகைக்கரையாள்:
பாராடாங் தீவின் சுண்ணாம்புக் குகைகளைப் பற்றி எழுதப் பலர் இருக்கிறார்கள். நான் எழுத வந்தது அதற்கு முன்னால், ஜாரவாப் பழங்குடியினரின் காட்டுக்குள் போகும் சாலையைப் பற்றி. ஜிர்கடாங் சோதனைச் சாவடியில் விடியற்காலைக் கான்வாய்க்காக (வண்டிகள் காவலோடு வரிசையாகப் போகும் அணி) காத்திருந்தபோது, படம் எடுக்கக் கூடாது, வழியில் நிறுத்தக் கூடாது, உணவு கொடுக்கக் கூடாது, 40 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக் கூடாது என்ற விதிகளை என் மகளுக்கு நானே எடுத்துச் சொன்னேன். சற்று நேரம் கழித்து ஒரு வளைவில், கழுத்தில் சிவப்பு நூல் குஞ்சமும் இடுப்பில் குழந்தையுமாக ஒரு ஜாரவாப் பெண் நின்றிருந்தார். எங்கள் ஓட்டுநர் வேகத்தைக் குறைத்தார். வண்டியில் இருந்த பதினொரு பேரும் ஒரே பக்கமாகச் சாய்ந்தோம், நானும் சாய்ந்தேன். அந்தப் பெண் குழந்தையின் முகத்தைத் தன் தோளுக்குள் திருப்பி, அதன் பின்தலையைக் கையால் மூடிக்கொண்டார். முன் இருக்கையில் இருந்தவர், “பார்த்துவிட்டோம்” என்றார். முந்தைய இரவு பயண ஏற்பாட்டாளர், “அதிர்ஷ்டம் இருந்தால் பார்க்கலாம்” என்று சொல்லித்தான் இருக்கைகளை நிரப்பியிருந்தார். அடுத்த மாதம் என் தம்பி குடும்பத்தோடு அங்கே போகிறான். அவனிடம் என்ன சொல்வது?

ஓய்வுபெற்ற செவிலியர்:
அந்தக் கையை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது, அம்மா. 1996இல் கால் முறிந்த ஒரு ஜாரவா இளைஞர் போர்ட் பிளேயரில் சிகிச்சை பெற்றுக் காடு திரும்பிய பிறகு, 1997 இறுதியிலிருந்து ஜாரவா மக்கள் தாமாகவே காட்டை ஒட்டிய கதம்தலா ஊர்ப் பக்கம் வரத் தொடங்கினார்கள். 1999இல் தட்டம்மை பரவியது. நான் பணியில் இருந்த வார்டில் ஒரு சிறுவனை எத்தனை முறை கட்டிலில் கிடத்தினாலும், காய்ச்சலோடு இறங்கி, சிமெண்டுத் தரையில் கன்னத்தை வைத்துப் படுத்துக்கொள்வான். அவனுக்கு எங்கே வலிக்கிறது என்று கேட்கக்கூட எனக்கு ஒரு சொல் தெரியாது. 1858இல் ஆங்கிலேயர் குடியேற்றம் வந்தபோது பல ஆயிரம் பேராக இருந்த கிரேட் அந்தமானியர் என்ற இன்னொரு பழங்குடியினர், 1877இல் பரவிய தட்டம்மைக்கும் பிற நோய்களுக்கும் பலியாகி, இன்று ஐம்பது பேர் அளவில்தான் எஞ்சியிருக்கிறார்கள். அந்தச் சிறுவனைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கணக்குதான் நினைவுக்கு வந்தது. சளியும் இருமலுமாக யாரும் அந்தச் சாலையில் ஏறக் கூடாது என்று உங்கள் தம்பியிடம் சொல்லுங்கள்.

ரங்கத்வாசி:
முதலில் எழுதியவர் மீது எனக்கு வருத்தம் உண்டு. உங்களுக்கு அது ஒரு நாள் வந்துபோன சாலை. வடக்கே ரங்கத், மாயாபந்தர், டிக்லிபூர் ஊர்களின் மக்களுக்கு அது மருத்துவமனைக்கும் கல்லூரிக்கும் போகும் வழி. ஜாரவாக் காப்பகத்துக்குள் வரும் பகுதியை மூடும்படி 2002இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டதும், அது இன்றுவரை மூடப்படவில்லை என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் ஜாரவாப் பெண்களை ஆடவைத்து எடுத்த காணொளி 2012இல் உலகமெங்கும் பரவியபோது தலைகுனிய வேண்டியவர்கள் பேருந்தில் போகும் நாங்கள் அல்ல. என்னைத் தொந்தரவு செய்வது வேறு. ஒருமுறை மிடில் ஸ்ட்ரெயிட் ஜெட்டியில் படகுக்காகப் பேருந்து நின்றபோது, ஒரு ஜாரவா இளைஞன் என் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தெளிவான இந்தியில் “கைனி இருக்கிறதா?” என்று கேட்டான். நம்மிடமிருந்து அவன் கற்றுக்கொண்டது புகையிலையின் பெயரை.

நெடுவழி:
நான் அந்தச் சாலையில் போகவில்லை. கப்பலில் ரங்கத் சென்றேன், மேல்தளத்தில் நின்று இருண்ட கரையைப் பார்த்தேன், அவ்வளவுதான். எனவே திட்டமிடுபவர்களுக்குச் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன். 2024இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேயரில் இறங்கியதும் மானிடவியல் அருங்காட்சியகத்துக்கு அரை நாள் ஒதுக்குங்கள். ஜாரவா, ஓங்கே, செண்டினல் மக்களைப் பற்றி நாம் அறிந்துகொள்ள வேண்டியதை அங்கேயே அறிந்துகொள்ளலாம். சதுப்புநிலக் காடு பார்க்க வேண்டுமென்றால் ரங்கத்தில் தானிநல்லா நடைபாதை இருக்கிறது; அதற்காகக் காட்டுச் சாலையைத் தொட வேண்டியதில்லை. கப்பல் நேரம் வானிலையைப் பொறுத்து மாறும் என்பதால், திரும்பும் விமானத்துக்கு முன் ஒரு நாள் கையில் வைத்துக்கொள்ளுங்கள். வடக்கு செண்டினல் தீவைத் தூரத்திலிருந்து காட்டுகிறேன் என்று எந்தப் படகுக்காரர் அழைத்தாலும் ஏறாதீர்கள். அதைச் சுற்றி ஐந்து கடல் மைல் வரை யாரும் நெருங்கக் கூடாது. 2018இல் அங்கே போன ஓர் அமெரிக்கர் கொல்லப்பட்டார், அவரைக் கொண்டுபோய் விட்ட மீனவர்கள் கைதானார்கள். 1956ஆம் ஆண்டின் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறை சிறைத் தண்டனை வரை போகும் சட்டம். கைப்பேசியில் ஒரு படம்தானே என்று நினைக்க வேண்டாம். நிக்கோபார் போக நினைப்பவர்கள், அதற்குத் தனி அனுமதி வேண்டும் என்பதையும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள்.

வைகைக்கரையாள்:
தம்பியிடம் பேசிவிட்டேன், பாராடாங்கை எடுத்துவிட்டு ரங்கத் கப்பலுக்கு மாற்றிக்கொண்டான். ரங்கத் அண்ணன் வருத்தப்பட்டதில் நியாயம் இருக்கிறது. அது உங்கள் சாலை. நாங்கள் வேடிக்கை பார்க்க வந்தவர்கள்தான். ஒன்று மட்டும் கேட்கிறேன், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்த இளைஞன் கேட்டபோது நீங்கள் என்ன செய்தீர்கள்?

ரங்கத்வாசி:
சட்டைப் பையில் பாதிப் பொட்டலம் இருந்தது. கொடுத்துவிட்டேன், தங்கையே. அவன் அங்கேயே நின்று, பொட்டலத்தைக் கிழித்து, உள்ளங்கையில் கொட்டி, கட்டைவிரலால் தேய்த்து உதட்டுக்குள் வைத்தான். என் தந்தை எப்படிச் செய்வாரோ, அப்படியே செய்தான்.