விறகு பாய்லருக்கு வெந்நீர்த் தொட்டி: எத்தனை லிட்டர் வேண்டும்? (அவசரம்)

சட்பரி_புதுவரவு
வணக்கம். கனடாவில் சட்பரிக்கு வெளியே கிராமத்துப் பக்கம் இருக்கிறோம். கொட்டகையில் விறகு பாய்லர், அங்கிருந்து மண்ணுக்கடியில் குழாய் வழியாக வெந்நீர் வீட்டுக்கு வருகிறது. நேற்று மைனஸ் 28. இரவு 3 மணிக்கு எழுந்து விறகு போட்டும் 6 மணிக்கு வீடு சில்லிட்டுவிட்டது. எட்டு மாதக் குழந்தை இருக்கிறாள். பெரிய தொட்டி ஒன்றைச் சேர்த்தால் விடியும்வரை தூங்கலாம் என்கிறார்கள். எவ்வளவு பெரியது வாங்குவது?

ஸ்காபரோ_அண்ணா
தம்பி, விறகை வசந்தத்திலேயே வாங்கி அடுக்கியிருக்க வேண்டும். நான் 1989-ல் வந்தபோது பேஸ்மென்டில் ஐந்து பேர் இருந்தோம். ஜன்னல் இடுக்கில் பழைய சாரத்தைத் திணித்துவிட்டுப் படுப்போம். காலையில் அது கண்ணாடியோடு உறைந்து ஒட்டியிருக்கும். அந்த மாதங்களை இன்னும் மறக்க முடியவில்லை. குழந்தையை ஒரே அறையில் வைத்து அந்த அறையை மட்டும் சூடாக்குங்கள்.

பீட்டர்பரோ_அக்கா
தயங்காமல் வையுங்கள். எங்களிடம் 2,000 லிட்டர் இருக்கிறது. மாலையில் ஒரே மூச்சில் நன்றாக எரித்துவிட்டால் காலைவரை எழுவதில்லை.

ரஜைனா_ராஜா
அக்கா, உங்களுடையது விறகிலிருந்து வரும் வாயுவையும் எரிக்கும் கேஸிஃபிகேஷன் பாய்லராக இருக்கும். சாதாரண பாய்லரைச் சுற்றியே நூற்றுக்கணக்கான லிட்டர் தண்ணீர் நிற்கிறது. அதற்கு மேல் தொட்டி வீண் செலவு.

பீட்டர்பரோ_அக்கா
வீண் இல்லை தம்பி. தண்ணீர் சூடானதும் சாதாரண பாய்லர் காற்றை அடைத்துக்கொள்ளும். நெருப்பு புகைந்து புகைந்து உள்ளே கறுப்புப் பிசினாகப் படியும். தொட்டி இருந்தால் முழு வேகத்தில் எரியலாம்.

ரஜைனா_ராஜா
யார் வந்து வைத்துக் கொடுப்பது? எங்கள் ஊரில் பிளம்பர் வர மூன்று வாரம். அதன் பிறகு இன்சூரன்ஸ்காரர் கேள்விமேல் கேள்வி கேட்பார்.

ஸ்காபரோ_அண்ணா
வீட்டுக்காரர்களும் அப்படித்தான். வாடகை வாங்கும்போது காட்டும் அவசரம் பழுது பார்ப்பதில் இல்லை.

சட்பரி_புதுவரவு
சொல்ல மறந்துவிட்டேன், எங்களுடையதும் வாடகை வீடுதான். பாய்லர் நன்றாக எரிகிறது. தண்ணீர் 78 டிகிரி காட்டுகிறது. கொட்டகையிலிருந்து வீடுவரை ஒரு முழ அகலத்துக்குப் பனியே தங்குவதில்லை, புல் தெரிகிறது. பக்கத்து வீட்டுப் பூனை அங்கேதான் படுத்திருக்கும்.

குழாய்_வேலை
சரி, கேள்விக்கு வருவோம். 1,000 லிட்டர் தண்ணீரை 1 டிகிரி சூடாக்க 1.16 கிலோவாட் மணி வேண்டும். 85 டிகிரியிலிருந்து 55-க்கு இறங்கும்போது கிடைப்பது சுமார் 35 கிலோவாட் மணி. இந்தக் குளிரில் வீடு 10 கிலோவாட் கேட்டால் மூன்றரை மணி நேரம்தான் தாங்கும். விடியும்வரை என்றால் 2,000 லிட்டருக்கு மேல் வேண்டும். தொட்டி நெருப்பைப் பெருக்காது, வீட்டின் தேவைக்கு மேல் பாய்லர் தருவதைத்தான் சேமிக்கும்.

உங்கள் சிக்கல் தொட்டி இல்லாதது அல்ல. பனி தங்காத அந்தக் கோட்டைப் பாருங்கள். குழாயைச் சுற்றிய இன்சுலேஷனுக்குள் தண்ணீர் புகுந்திருக்கலாம். நீங்கள் போடும் விறகு தோட்டத்தைச் சூடாக்குகிறது. குழாய் வெளியே கிளம்பும் இடத்திலும் வீட்டுக்குள் நுழையும் இடத்திலும் ஒவ்வொரு தெர்மாமீட்டரை வைத்து, மேலே துணி சுற்றிக் கட்டுங்கள். பம்ப் நிமிடத்துக்கு 20 லிட்டர் தள்ளினால் 6 டிகிரி வித்தியாசம் என்பது 8 கிலோவாட்டுக்கு மேல் இழப்பு, ஒரு வீட்டையே சூடாக்கும் அளவு.

இன்னொன்று: விறகுத் துண்டுகள் இரண்டைத் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்டால் காய்ந்தது, மந்தமாக ஒலித்தால் ஈரம்.

சட்பரி_புதுவரவு
அளந்தேன் அண்ணா. அங்கே 78, இங்கே 71. விறகு கணீரென்றுதான் கேட்கிறது.

குழாய்_வேலை
அப்படியானால் தொட்டிக்குப் பணம் கொடுக்காதீர்கள். இரண்டு தெர்மாமீட்டரையும் பனி இல்லாத கோட்டையும் படமெடுத்து இன்றே வீட்டுக்காரருக்கு எழுத்தில் அனுப்புங்கள். மண் உறைந்திருக்கும்போது தோண்டுவது கடினம், ஏப்ரல் கடைசிவரை பொறுக்க வேண்டியிருக்கும். அதுவரை குழந்தை அறைக்கு எலெக்ட்ரிக் ஹீட்டர் ஒன்றை அவரையே தரச் சொல்லுங்கள். அதைச் சுவர் பிளக்கில் நேரடியாகச் செருகுங்கள், எக்ஸ்டென்ஷன் வயர் வேண்டாம். புதுக் குழாய் போட்ட பிறகும் இரவில் எழ வேண்டியிருந்தால் தொட்டியைப் பற்றிப் பேசுவோம்.