உயிரோடு இருக்கும் கலை, செத்தபின் பேசும் கலை: நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள்

தூங்காவிளக்கு:
லண்டன் நேஷனல் போர்ட்ரெய்ட் கேலரியில் சிற்பி மார்க் க்வினின் ‘செல்ஃப்’ (தான்) படைப்பைப் பார்த்து வந்ததிலிருந்து ஒரு நினைப்பு என்னை விடமாட்டேன் என்கிறது. தெரியாதவர்களுக்கு: தன் உடம்பிலிருந்து சில மாதங்களாகச் சிறிது சிறிதாக எடுத்துச் சேர்த்த ரத்தம், சுமார் நாலரை லிட்டர், அதைத் தன் தலையின் அச்சில் ஊற்றி உறையவைத்திருக்கிறார். முதல் தலை 1991-இல். பிறகு ஐந்தாண்டுக்கு ஒன்று என்று கணக்கு. தலைக்குத் தலை வயது கூடுகிறது. நான் பார்த்தது 2006-ஆம் ஆண்டுத் தலை. முகத்தைப் பார்த்தது இரண்டு நிமிடம் இருக்கலாம். மிச்ச நேரமெல்லாம் அதை உறைநிலையில் வைத்திருக்கும் கருவியைப் பற்றியே யோசனை. மின்சாரம் நின்றால் அந்த முகம் தரையில் வழிந்துவிடும். சாவை ஏமாற்ற மனிதன் கண்டுபிடித்த வழி கடைசியில் ஒரு பிளக் பாயிண்டில் வந்து நிற்கிறதே என்று சிரிப்பும் வந்தது, வயிற்றையும் பிசைந்தது.

இப்படி அறிவியலைக் கையில் எடுத்துக்கொண்டு சாவையும் மறுபிறப்பையும் தொடும் படைப்புகள் முன்னால் நீங்கள் நின்றிருக்கிறீர்களா? விமர்சனம் வேண்டாம். நின்றபோது என்ன ஆயிற்று என்று சொன்னால் போதும்.

குடுவைக்காரி:
நான் செல் வளர்க்கும் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறவள். ஓரான் காட்ஸ், அயோனாட் ஜூர் இருவரையும் கலைஞர்கள் என்று அறிவதற்கு முன்பே, எங்களைப் போல இன்குபேட்டரோடு மாரடிப்பவர்களாகத்தான் தெரியும். பெர்த்தில், மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தில், 2000-இல் தொடங்கிய ‘சிம்பயாட்டிக்ஏ’ என்ற உயிரியல் கலை ஆய்வகம் அவர்கள் களமாக இருந்தது. அவர்களின் ‘விக்டிம்லெஸ் லெதர்’ (பலியில்லாத் தோல்) என்பது கையளவு கூட இல்லாத ஒரு குட்டிக் கோட்டு. கரையக்கூடிய பாலிமரில் கோட்டு வடிவத்தில் ஒரு சட்டகம், அதன்மேல் உயிருள்ள செல்கள், மேலிருந்து ஊட்டக் கரைசல் சொட்டும். 2008-இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகமான ‘மோமா’வில் வைத்தபோது செல்கள் அளவுமீறிப் பெருகி, குழாய் அடைத்து, ஒரு கை கழன்று விழப் பார்த்ததாம். பொறுப்பாளர் பாவ்லா அன்டோனெல்லி ஊட்டத்தை நிறுத்தச் சொல்ல வேண்டியதாயிற்று. ஒரு கோட்டைக் கொல்வதற்காகத் தூக்கம் கெட்டதாக அவரே சொல்லியிருக்கிறார்.

நான் நேரில் பார்த்தது அவர்களுடைய வேறொரு படைப்பின் கடைசி நாள். இந்த ‘அரை உயிர்’களைக் காட்சி முடிந்ததும் அப்படியே விட்டுப் போக முடியாது. ஊட்ட ஆள் வேண்டும். அதனால் மூடியைத் திறந்து, வந்தவர்களைத் தொடச் சொல்வார்கள். நம் விரலில் இருக்கும் பாக்டீரியாவும் பூஞ்சையும் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். வரிசையில் நின்றேன். ஆய்வகத்தில் நான் வாரம் முழுக்கச் செய்வதுதான் இது: பழைய குடுவைகளில் பிளீச்சிங் திரவத்தை ஊற்றி, கரைசலில் இருக்கும் சாயம் நிறம் மாறுவதைப் பார்த்து, தொட்டியில் கொட்டிவிட்டு வீட்டுக்குக் கிளம்புவேன். ஒரு நாளும் எதுவும் தோன்றியதில்லை. அங்கே என் முறை வந்தபோது கையை நீட்டி, தொடாமல், மடக்கிக்கொண்டேன். பின்னாலிருந்த சின்னப் பையன் தயங்கவே இல்லை. விரலை அழுத்திவிட்டு “ஈரமா இருக்கு” என்றான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ‘பலியில்லாத் தோல்’ என்று பெயர் வைத்தார்களே தவிர, செல் வளர்ப்பில் வழக்கமாகச் சேர்க்கும் சீரம் கன்றுக் கருவின் ரத்தத்திலிருந்து வருவது. அது அவர்களுக்குத் தெரியாததல்ல. பெயரிலேயே குத்தல் வைத்திருக்கிறார்கள். பார்வையாளர்களில் எத்தனை பேருக்கு அது எட்டியது என்பது வேறு விஷயம்.

கடைசிவரிசை:
நான் பார்த்ததும் கேளுங்கள். ஃபுளோரிடாவில் இருக்கும் டாலி அருங்காட்சியகம், 2019. ஓவியர் டாலி செத்தது 1989. பழைய படச்சுருள்களிலிருந்து ஆறாயிரத்துக்கு மேற்பட்ட ஃபிரேம்களைச் செயற்கை நுண்ணறிவுக்குக் காட்டி, ஆள் உயரத் திரையில் எழுப்பி நிறுத்திவிட்டார்கள். வணக்கம் சொல்வார், பேசுவார், கடைசியில் நம்மோடு செல்ஃபி எடுத்துக் காட்டுவார். என் கூட வந்தவர்கள் அந்தப் படத்தைப் போனில் வாங்கிக்கொள்ள முண்டியடித்தார்கள். நானும்தான். மறுபிறப்பு என்றால் இவ்வளவுதானா என்று வெளியே வந்து தோன்றியது. படத்தை இன்னும் அழிக்கவில்லை.

மலைச்சரிவு:
எனக்குக் கிடைத்தது ஒரு வாசனை.

கலைஞர் அலெக்ஸாண்ட்ரா டெய்ஸி கின்ஸ்பர்க், வாசனைக் கலைஞர் சிஸ்ஸல் டோலாஸ், கிங்கோ பயோவொர்க்ஸ் என்ற உயிரித்தொழில்நுட்ப நிறுவனத்தின் ஆய்வாளர்கள் சேர்ந்து செய்த ‘ரிசரெக்டிங் தி சப்லைம்’. ஹவாயில், மௌயி தீவின் ஹலேயகலா மலைச்சரிவில் ஒரு மரம் இருந்தது. ஹிபிஸ்கடெல்ஃபஸ் வில்டெரியானஸ். பெயரின் முதல் பாதிக்குச் செம்பருத்தியின் உடன்பிறப்பு என்று பொருள். மாட்டுப் பண்ணைகளுக்காகக் காடு அழிந்ததோடு அதுவும் போனது. 1912-இல் கடைசி மரத்தைக் கண்டபோதே அது பட்டுக்கொண்டிருந்தது. ஹார்வர்ட் உலர்தாவரத் தொகுப்பில் ஒட்டிவைத்திருந்த மாதிரியிலிருந்து டி.என்.ஏ. எடுத்து, மணத்துக்குக் காரணமான மூலக்கூறுகளை உண்டாக்கும் மரபணுக்களை ஊகித்து, புதிதாக எழுதி, ஈஸ்டுக்குள் வைத்து, அது என்ன சுரக்கிறது என்று பார்த்திருக்கிறார்கள். அதைக் கொண்டு டோலாஸ் வாசனையைக் கட்டினார்.

கண்ணாடி அறை, உள்ளே எரிமலைப் பாறைகள், மேலிருந்து வாசனை இறங்கும். என்ன வாசனை என்று கேட்காதீர்கள். சொல்லிப் பார்த்துத் தோற்றுவிட்டேன். நான் கலங்கியது வாசனையால் அல்ல. எந்த மூலக்கூறுகள் இருந்திருக்கும் என்று தெரியுமே ஒழிய, எது எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. முகர்ந்து பார்த்து “ஆமாம், இதுதான்” என்று சொல்ல உயிரோடு ஒருவர் இல்லை. மரத்தை எழுப்பிவிடலாம், சாட்சியை எழுப்ப முடியாது. வெளியில் இருந்தவர்கள் கண்ணாடி வழியாக என்னைக் கண்காட்சிப் பொருள் போலப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதுவும் திட்டமிட்டே செய்தது என்று பிறகுதான் உறைத்தது.

பித்தளைச்செவி:
குடுவைக்காரி அக்கா, உங்களிடம் ஒரு சந்தேகம் கேட்கத்தான் எழுதுகிறேன். 2025-இல் பெர்த் கலைக்கூடத்தில் ‘ரிவிவிஃபிகேஷன்’ (மீண்டும் உயிரூட்டல்) பார்த்தேன். இசைக்கலைஞர் ஆல்வின் லூசியர் 2021 டிசம்பரில் இறந்தார். அதற்கு முன்பே ரத்தம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அந்த ரத்த அணுக்களை, வேறு திசுவாக வளரக்கூடிய ஸ்டெம் செல்லாக மாற்றி, அதிலிருந்து மூளைத் திசு உருண்டைகளை வளர்த்து, மின்முனை வலைமேல் உட்கார வைத்திருக்கிறார்கள். செய்தவர்கள் கலைஞர்கள் கை பென்-ஆரி, நாதன் தாம்ப்சன், மாட் கிங்கோல்ட் மூவரும், நரம்பியலாளர் ஸ்டுவர்ட் ஹாட்ஜெட்ஸும். சுற்றிலும் சுவரில் 20 வளைந்த பித்தளைத் தகடுகள். உருண்டை மின்துடிப்பை அனுப்பும், தகடு அதிரும். அறையில் நாம் எழுப்பும் சத்தத்தையும் மைக் பிடித்து அதற்கே திருப்பி அனுப்பும்.

1965-இலேயே தன் மூளை அலையால் தாளக் கருவிகளை அதிரவைத்தவர் லூசியர். அதனால் இது வித்தை காட்டல் என்று என்னால் தள்ள முடியவில்லை. அவர் கேட்டு ஒப்புக்கொண்டது. ஆனால் நான் தும்மினேன். அடுத்த சில நொடியில் ஒரு தகடு ‘டங்’ என்றது. என் தும்மலுக்குத்தானா, தற்செயலா? அது அவரா? அரை மணி நேரம் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், தொந்தரவு செய்யக் கூடாது என்பது போல.

குடுவைக்காரி:
தம்பி, அது அவர் இல்லை. மரபணு அவருடையது, அவ்வளவே. அவர் கேட்ட பாட்டு, பட்ட கோபம் எதுவும் அதற்குள் போகவில்லை. அதையெல்லாம் வைத்திருந்த மூளை 2021-லேயே முடிந்துவிட்டது. இது இன்னொரு நரம்புக் கூட்டம், முதல் நாளிலிருந்து தொடங்கியது. இவ்வளவு தெளிவாகச் சொல்கிறேனே, நீங்கள் மூச்சை அடக்கிய இடத்தில் நானும் அடக்கியிருப்பேன்.

கடைசிவரிசை:
அதற்கும் ஆள் வைத்து ஊட்டவேண்டுமே. காட்சி முடிந்த பிறகு?

தூங்காவிளக்கு:
அதைத்தான் நானும் முதலிலிருந்து கேட்கிறேன்.

அக்கரை:
என்னுடையதில் செல் இல்லை, ரத்தம் இல்லை. ஒலிப்பதிவு மட்டும். இங்கே பொருந்துமா தெரியவில்லை.

ஜப்பானில் டெஷிமா தீவு. பிரெஞ்சுக் கலைஞர் கிறிஸ்டியன் போல்டான்ஸ்கி 2010-இல் அமைத்த இதயத்துடிப்புக் காப்பகம். உலகம் முழுவதிலுமிருந்து சேர்த்த துடிப்புகள். நீளமான இருட்டறை, நடுவில் ஒற்றை பல்ப். யாரோ ஒருவரின் துடிப்பு பெரிய சத்தமாக ஒலிக்கும், அதற்கேற்ப பல்ப் எரிந்து அணையும். நான் போனபோது போல்டான்ஸ்கி உயிரோடு இருந்தார். 2021-இல் போய்விட்டார்.

அம்மாவையும் அழைத்துப் போயிருந்தேன். விருப்பப்பட்டவர்கள் தங்கள் துடிப்பைப் பதிந்துவிட்டு வரலாம். எனக்கு ஆர்வமில்லை, அம்மாதான் உட்கார்ந்தார். மைக்கை நெஞ்சில் வைத்து அசையாமல் இருக்க வேண்டும். பாதியில் அவருக்கு இருமல் வந்துவிட்டது. பதிவைக் கேட்டதும் வெட்கம். “இது வேணாம்டா, இன்னொரு தரம் எடுக்கலாம்” என்றார். எடுத்தோம். இரண்டாவது சுத்தமாக வந்தது. அதையே சேர்த்துக்கொண்டார்கள்.

அம்மா போய் நான்கு வருடம் ஆகிறது. டெஷிமா போனால் பெயரைத் தேடி ஹெட்ஃபோனில் கேட்கலாம். போகச் சொல்லித் தங்கை கேட்டுக்கொண்டே இருக்கிறாள். நான் தள்ளிப் போடுகிறேன். அங்கே இருப்பது இருமாத அம்மா. எனக்கு அந்த முதல் பதிவுதான் வேண்டும்.