பேட்டரி வோல்டேஜ் இறங்கினால் லோடு தானாக ஆஃப் ஆக வேண்டும்: ரிலே ஓயாமல் அடிக்கிறது, உதவி தேவை

சோலார்வாசி:
வணக்கம். 12 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரியை சோலார் பேனலில் சார்ஜ் செய்து, அதில் எல்.இ.டி. விளக்குகளும் ஒரு டி.சி. ஃபேனும் ஓட்டுகிறேன். இந்த லோடு எல்லாம் சேர்ந்து 5 ஆம்பியர் இழுக்கும். வோல்டேஜ் 11.7க்குக் கீழே போனால் லோடு தானாகக் கட் ஆக வேண்டும், சார்ஜ் ஏறியதும் தானாகவே திரும்ப வர வேண்டும். 11 வோல்ட் ஜீனர் (அந்த வோல்டேஜைத் தாண்டினால் கடத்தும் டயோடு), 1 கிலோ ஓம் ரெசிஸ்டர், பிசி547 டிரான்சிஸ்டர், 12 வோல்ட் ரிலே (காந்தக் காயிலால் இயங்கும் ஸ்விட்ச்), காயிலுக்குக் குறுக்கே 1என்4007 டயோடு. இவ்வளவுதான் சர்க்யூட். பகலில் ஒழுங்காக இருக்கிறது. இரவில் பேட்டரி இறங்கும் நேரத்தில் ரிலே டக் டக் டக் என்று அடித்துக்கொண்டே இருக்கிறது, விளக்கும் கூடவே மினுக்குகிறது. புது ரிலே போட்டும் அதே கதைதான். எங்கே பார்ப்பது?

ஓம்ஸ்லா:
ரிலே மேல் குறையில்லை. இரண்டு அளவுகள் எடுத்துச் சொல்லுங்கள். லோடு ஓடும்போது பேட்டரி முனையில் எவ்வளவு, உங்கள் போர்டில் எவ்வளவு? லோடைக் கழற்றினால் இரண்டும் எவ்வளவு?

சோலார்வாசி:
லோடு ஓடும்போது முனையில் 12.0, போர்டில் 11.6. கழற்றியதும் இரண்டிலும் 12.3.

ஓம்ஸ்லா:
விடை அதிலேயே இருக்கிறது. ஜீனரின் 11, டிரான்சிஸ்டர் பேஸின் 0.7, ஆக உங்கள் சர்க்யூட் 11.7க்குப் பக்கத்தில் முடிவெடுக்கிறது. போர்டில் 11.6 ஆனதும் கட் செய்கிறது. சுமை போனவுடன் பேட்டரி 12.3க்கு எழுகிறது, சர்க்யூட் மறுபடி ஆன் செய்கிறது, உடனே 11.6. இது விடிய விடிய நடக்கும். ஆன் ஆகும் வோல்டேஜும் ஆஃப் ஆகும் வோல்டேஜும் ஒன்றாக இருக்கும்வரை எந்த ரிலே போட்டாலும் இப்படித்தான். இரண்டுக்கும் நடுவில் இடைவெளி வேண்டும். அதைத்தான் ஹிஸ்டெரிசிஸ் என்கிறோம். அந்த இடைவெளி, லோடை எடுத்ததும் வோல்டேஜ் எழும்பும் அளவைவிடப் பெரிதாக இருக்க வேண்டும்.

இன்னொன்று, உங்கள் ஒயரிலேயே 0.4 வோல்ட் போகிறது. 5 ஆம்பியருக்கு 0.4 என்றால் 0.08 ஓம். லோடு ஒயரைத் தடிமனாக்குங்கள். அதைவிட முக்கியம், அளக்கும் ஒயரையும் சர்க்யூட்டின் கிரவுண்டையும் பேட்டரி முனையிலிருந்து தனியாக இழுத்து வாருங்கள். அப்போது எழும்பும் அளவு 0.7லிருந்து 0.3 ஆகிவிடும்.

பழைய ரிலே:
ஜீனர் வழியில் வேறு ஒரு தொல்லையும் உண்டு. ஜீனர் ஒரே இடத்தில் சட்டென்று கடத்தத் தொடங்குவதில்லை, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கடத்தும். பேட்டரி மெல்ல இறங்கும்போது டிரான்சிஸ்டர் பாதி திறந்த நிலையில் நின்றுவிடும். காயிலில் கரண்ட் குறைந்து, காண்டாக்ட் அழுத்தமில்லாமல் தொட்டுக்கொண்டு இருக்கும். டி.சி.யில் 5 ஆம்பியர் அப்படி ஓடினால் பொறி பறந்து காண்டாக்ட் கருகும். கழற்றிய ரிலேயைத் திறந்து பாருங்கள், முனை கருத்திருக்க வாய்ப்பு அதிகம்.

சோலார்வாசி:
திறந்து பார்த்தேன், கருப்பாகத்தான் இருக்கிறது. அப்படியானால் என்ன போடலாம்? மைக்ரோகண்ட்ரோலர் தேவையா?

ஓம்ஸ்லா:
தேவையில்லை. எல்எம்393 கம்பேரேட்டர் (இரண்டு வோல்டேஜை ஒப்பிடும் சிப்), டிஎல்431 ரெஃபரன்ஸ் (மாறாத வோல்டேஜ் தருவது), ஐஆர்எஃப்இசட்44என் மாஸ்ஃபெட் (ரிலேக்குப் பதில் ஸ்விட்சாக வேலை செய்யும் டிரான்சிஸ்டர்). இந்த மூன்றும் போதும், ரிலேயே வேண்டாம்.

டிஎல்431இன் ரெஃபரன்ஸ் காலையும் கேத்தோடையும் சேர்த்து, பேட்டரி பிளஸ்ஸிலிருந்து 4.7 கிலோ ஓம் வழியாகக் கொடுங்கள், ஆனோடு கிரவுண்டுக்கு. 2.5 வோல்ட் அசையாமல் நிற்கும். அது 393இன் 2ஆம் பின்னுக்கு. பேட்டரி பிளஸ்ஸிலிருந்து 39 கிலோ ஓம், கிரவுண்டுக்கு 10 கிலோ ஓம், நடுப்புள்ளி 3ஆம் பின்னுக்கு. 1ஆம் பின்தான் அவுட்புட், அது ஓப்பன் கலெக்டர் (கிரவுண்டுக்கு மட்டுமே இழுக்கும், தானாக மேலே ஏற்றாது), அதனால் அதிலிருந்து பிளஸ்ஸுக்கு 10 கிலோ ஓம் கட்டாயம். 1ஆம் பின்னிலிருந்து 3ஆம் பின்னுக்கு 470 கிலோ ஓம். ஹிஸ்டெரிசிஸ் தருவது இதுதான். 8 பிளஸ், 4 கிரவுண்டு. சும்மா இருக்கும் பாதியின் 5, 6, 7 மூன்றையும் கிரவுண்டில் கட்டிவிடுங்கள்.

கணக்கு: ஆன் ஆவது 2.5 × (1 + 39/10 + 39/470), அதாவது சுமார் 12.5 வோல்ட். ஆஃப் ஆவது சுமார் 11.5. இடைவெளி ஏறக்குறைய 1 வோல்ட், உங்கள் 0.3க்கு தாராளம்.

1ஆம் பின்னை நேராக மாஸ்ஃபெட் கேட்டில் கொடுங்கள். சோர்ஸ் கிரவுண்டுக்கு, லோடின் மைனஸ் டிரெயினுக்கு. இந்த இடத்தில் பிசி547 போட்டால் பேஸ் கரண்ட் 1ஆம் பின்னின் வோல்டேஜை இழுத்து, மேலே போட்ட கணக்கைக் கெடுத்துவிடும். ஃபேனுக்குக் குறுக்கே டயோடு, பேட்டரி பிளஸ்ஸுக்கு அருகிலேயே 7.5 ஆம்பியர் ஃபியூஸ், இரண்டையும் விட்டுவிடாதீர்கள்.

சோலார்வாசி:
ரொம்ப நன்றி அண்ணா. ஃபேன் ஸ்டார்ட் ஆகும்போது ஒரு நொடி வோல்டேஜ் குழிகிறது, அதற்கும் கட் ஆகிவிடுமே? 3ஆம் பின்னிலிருந்து கிரவுண்டுக்கு ஒரு கெப்பாசிட்டர் போடலாமா?

பழைய ரிலே:
3ஆம் பின்னில் வேண்டாம் தம்பி. அவுட்புட் மாறியதும் 470 கிலோ ஓம் 3ஆம் பின்னுக்குக் கொடுக்கும் உதையை அந்தக் கெப்பாசிட்டர் விழுங்கிவிடும். மாறும் நேரத்தில் அவுட்புட் தடுமாறும், மாஸ்ஃபெட் பாதி திறந்து சூடாகும். 39 கிலோவை 33, 6.2 என்று இரண்டாகப் பிரியுங்கள். 33 பேட்டரி பக்கம். அவை சேரும் இடத்திலிருந்து கிரவுண்டுக்கு 100 மைக்ரோஃபாரட். சுமார் ஒரு நொடி தாமதம் கிடைக்கும், உதையும் அப்படியே இருக்கும்.

சோலார்வாசி:
செய்தாயிற்று! வேரியபிள் சப்ளையில் சோதித்தேன், ஆஃப் 11.5, ஆன் 12.5. இரவில் ஒரே ஒரு முறை கட் ஆனது, அப்புறம் சத்தமே இல்லை. ஒரு சந்தேகம்: காலையில் வெயில் பட்ட சில நிமிடங்களிலேயே 12.5 தாண்டி லோடு வந்துவிடுகிறது. பேட்டரி அதற்குள் ஏறியிருக்காதே?

ஓம்ஸ்லா:
ஏறியிருக்காது. சார்ஜ் கரண்ட் உள்ளே போகும்போது முனை வோல்டேஜ் உண்மையான இருப்பைவிட மேலே நிற்கும். அதனால் ஆன் ஆவதை 13க்கு மேல் தள்ளுங்கள். 470ஐ மட்டும் குறைத்தால் ஆஃப் ஆகும் வோல்டேஜ்தான் கீழே இறங்கும், ஆன் பெரிதாக நகராது. 6.2ஐ 8.2 ஆக்கி, 470ஐ 330 ஆக்குங்கள். ஆன் 13.1, ஆஃப் 11.7. முதலில் நீங்கள் கேட்ட 11.7ம் கிடைத்துவிடும். ரெசிஸ்டர்கள் 1 சதவீத வகையாக இருக்கட்டும்.

பழைய ரிலே:
கூடவே ஒன்று. இப்போது கட் ஆவது மைனஸ் பக்கம். ஃபேனின் இரும்புச் சட்டமோ விளக்கின் உடலோ பேட்டரி மைனஸோடு வேறு வழியில் தொட்டுக்கொண்டிருந்தால் மாஸ்ஃபெட்டைச் சுற்றிக்கொண்டு கரண்ட் ஓடும், லோடு ஆஃபே ஆகாது. மாட்டுவதற்கு முன் மீட்டரில் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.