"இதெல்லாம் எதுக்கும்மா?" – உயர்நிலை 3 பையனுக்கு என்ன பதில் சொல்வது?

செம்பவாங் அம்மா:

வணக்கம். என் மகன் இங்கே சிங்கப்பூரில் உயர்நிலை 3 படிக்கிறான், பதினைந்து வயது. தொடக்கப்பள்ளி வரை கணக்கில் கெட்டிக்காரன்தான். இப்போது இருபடிச் சமன்பாடு என்றாலே மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்கிறான். போன வாரம் சாப்பிடும்போது கேட்டான்: "எக்ஸ் என்னன்னு கண்டுபிடிச்சு நான் என்னம்மா செய்யப் போறேன்? நீ வேலையில என்னைக்காவது ஃபேக்டரைஸ் பண்ணியிருக்கியா?"

நான் கிடங்கில் சரக்குக் கணக்குப் பார்க்கிறவள். இல்லை என்பதுதான் உண்மை. வாயடைத்துப் போய்விட்டேன்.

டியூஷனில் பழைய தேர்வுத்தாளை அடுக்கிக் கொடுக்கிறார்கள், அவ்வளவுதான். சரி, வாழ்க்கைக் கணக்கு ஒன்று சொல்வோம் என்று மசேநிதியை (ஓய்வுக்காலத்துக்குச் சேமிக்கும் மத்திய சேமநிதி) எடுத்தேன். சாதாரணக் கணக்கில் 2.5 விழுக்காடு வட்டி; 72-ஐ வட்டி விகிதத்தால் வகுத்தால் பணம் இரட்டிப்பாக எத்தனை ஆண்டு என்று ஏறக்குறையத் தெரிந்துவிடும் என்றேன். உடனே வகுத்து, "29 வருஷம். அப்ப எனக்கு 44 வயசு" என்று சொல்லிவிட்டுக் கைப்பேசியை எடுத்துக்கொண்டான். வேறு என்னதான் செய்வது?

தேக்காவாசி:

பையனைத் தேக்கா சந்தைக்கு அழைத்துப் போங்கள் அக்கா. மீன் விலை, மிச்சச் சில்லறை எல்லாம் அவனே பார்க்கட்டும். உணவகத்தில் பில் வந்தால் அவனிடம் நீட்டுங்கள். 10 விழுக்காடு சேவைக் கட்டணம், அதன்மேல் 9 விழுக்காடு பொருள் சேவை வரி. கூட்டினால் 19 அல்ல, 19.9. என் மகளுக்கு அப்படித்தான் விழுக்காடு புரிந்தது.

ஓய்வுபெற்ற வாத்தியார்:

தேக்காத் தம்பி சொல்வது தவறில்லை. ஆனால் அது தொடக்கநிலை 6 வரைக்கும்தான் ஓடும். நான் இருபது வருஷத்துக்கு மேல் உயர்நிலைப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவன். வரி உயர்ந்தபோது, பழைய விலை புதிய விலை என்று ஆசையாசையாக ஒரு பயிற்சித்தாள் செய்துகொண்டு போனேன். பின்வரிசையில் ஒருத்தி, "சார், நாங்க வாங்குறது பபிள் டீ. வரியும் சேர்த்துத்தான் விலை போட்டிருக்கான்" என்றாள். வகுப்பே சிரித்தது. பெரியவர்களின் கவலையைப் பதினைந்து வயசுக்காரர்கள் தலையில் ஏற்றி, அதற்கு "வாழ்க்கை" என்று பெயர் வைத்திருக்கிறோம் என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

அந்த வயசுக்கு உபயோகம் பெரிதாகத் தோன்றாது. யாராவது பெரிய மனுஷன் சொன்னதில் ஓட்டை கண்டுபிடிக்க முடிந்தால் விடிய விடிய உட்காருவார்கள். நான் செய்து பார்த்த இரண்டைச் சொல்கிறேன்.

முதலாவது பேருந்து நிறுத்தத்தில். நம்மூர் வண்டி எண்களின் கடைசியில் ஓர் எழுத்து வரும், பார்த்திருப்பீர்கள். அது சும்மா வைத்தது இல்லை. எஸ்பிஎஸ் 3456 என்று ஓர் எண்ணை எடுத்துக்கொள்வோம். மூன்றெழுத்தில் முதல் எழுத்தை விட்டுவிடுங்கள். பி இரண்டாம் எழுத்து, எஸ் பத்தொன்பதாம் எழுத்து. ஆக 2, 19, 3, 4, 5, 6. இவற்றை வரிசையாக 9, 4, 5, 4, 3, 2 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்டினால் 152. அதை 19-ஆல் வகுத்தால் மீதி 0. மீதி 0 என்றால் ஏ. 1 என்றால் இசட். அங்கிருந்து ஒய், எக்ஸ் என்று பின்பக்கமாகவே வரவேண்டும், எஃப், ஐ, என், ஓ, கியூ, வி, டபிள்யூ ஏழையும் தாண்டிவிட்டு. ஆகவே அந்த வண்டிக்குக் கடைசி எழுத்து ஏ.

இதைச் சொல்லிவிட்டு, "ஒரு இலக்கத்தை மாற்றி எழுதினால் இந்த எழுத்து காட்டிக்கொடுக்குமா?" என்று மட்டும் கேட்டேன். எந்த இலக்கத்தை மாற்றினாலும் மாட்டிக்கொள்ளும். 19 பகா எண். 5, 4, 3, 2-ஐ ஒன்பதுக்கு மேற்படாத வித்தியாசத்தால் பெருக்கினால் 19-இன் மடங்கு வராது. அப்புறம் ஒருவன் கேட்டான், "எழுத்தை மாத்தினா, சார்?" ஏ முதல் எழுத்து, டி இருபதாவது. வித்தியாசம் சரியாக 19! எஸ்பிஏ என்று இருப்பதை எஸ்பிடி என்று எழுதினால் இந்த முறையால் பிடிக்க முடியாது. அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். அரசாங்கத்தையே கையும் களவுமாகப் பிடித்துவிட்ட மாதிரி!

இரண்டாவது உங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலேயே இருக்கும். "பிதாகரசுக்கு முன்பே தமிழன் கண்டான்" என்று ஒரு செய்தி சுற்றிக்கொண்டே இருக்குமே. செவ்வகத்தின் நீளத்தை எட்டுக் கூறாக்கி ஒரு கூறைத் தள்ளு, அகலத்தில் பாதியைச் சேர், கர்ணம் (மூலைக்கு மூலை நீளம்) வந்துவிடும் என்பது அதன் சாரம். நீளம் 4, அகலம் 3 என்றால் 3.5-உம் 1.5-உம் சேர்ந்து 5. அட, சரியாக வருகிறதே! யார் பாடியது, எந்தக் காலத்தது என்கிற சண்டைக்கு நான் வரவில்லை. மகனிடம் இரண்டே கேள்வி கேளுங்கள்: இது எப்போதும் சரியா? இல்லையென்றால் எந்தெந்தச் செவ்வகத்துக்குச் சரி? விடையை இங்கே எழுத மாட்டேன்.

ஈசூன் அண்ணன்:

வாத்தியாரே, நான் பேருந்து ஓட்டுநர். இடைவேளையில் என் வண்டி எண்ணைப் போட்டுப் பார்த்தேன், அச்சாக வந்தது. இத்தனை வருஷம் அந்த எழுத்தைச் சும்மா பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறேன். எஸ்ஜி என்று இரண்டே எழுத்து உள்ள வண்டிக்கு எப்படி?

ஓய்வுபெற்ற வாத்தியார்:

அதற்கு இரண்டு எழுத்தையுமே எடுத்துக்கொள்ளுங்கள் அண்ணே. எஸ் 19, ஜி 7. மற்றதெல்லாம் அப்படியே.

செம்பவாங் அம்மா:

ஐயா, பத்து நாள் கழித்து வருகிறேன். மன்னிக்கவும்.

வண்டி எண்ணை ஒரு மாலை பார்த்துவிட்டு விட்டுவிட்டான். வாட்ஸ்அப் விஷயம்தான் பிடித்துக்கொண்டது, அதுவும் அந்தச் செய்தியை அனுப்பியது அவனுடைய பெரியப்பா என்பதால். முதலில் 12, 5 போட்டான், 13 வந்துவிட்டது. "ஐயோ, உண்மையா இருக்கும் போலயே" என்று கொஞ்சம் வாடிப்போனான். பிறகு 24, 7 போட்டால் 25-க்குப் பதில் 24.5. சதுரத்துக்கு 1.414 வரவேண்டிய இடத்தில் 1.375. அன்றைக்கு டியூஷனுக்கு அவனே முன்கூட்டிக் கிளம்பிவிட்டான், ஆசிரியரிடம் கேட்க.

உங்கள் இரண்டாம் கேள்விக்கு மூன்று நாள் ஆனது. நீளம் அகலத்தைப் போல ம மடங்கு என்று வைத்து, இரண்டு பக்கமும் வர்க்கப்படுத்தி, கடைசியில் 15ம² − 56ம + 48 = 0 என்று வந்ததாம். அதை (3ம − 4)(5ம − 12) என்று பிரித்துக் காட்டினான். 4-க்கு 3, 12-க்கு 5, இந்த இரண்டு விகிதத்துக்கு மட்டும்தான் சரியாக வரும், வேறு எதற்கும் வராது என்றான். "ஃபேக்டரைஸ் பண்ணியிருக்கியே" என்றேன். முறைத்தான்.

நேற்று வந்த வகுப்புத் தேர்வில் மதிப்பெண் பழையபடிதான், அதையும் சொல்லிவிடுகிறேன். இன்னொரு சிக்கல்: முழு விளக்கத்தையும் படம் எடுத்துக் குடும்பக் குழுவில் போட்டுவிட்டான். பெரியப்பா பார்த்துவிட்டார், நீல டிக் விழுந்திருக்கிறது, பதிலைக் காணோம். ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டில்தான் சாப்பாடு.