வரைபடம் ஒன்று, நிரல் ஒன்று: மாதிரியையே இயக்கிப் பார்ப்பது சிறு குழுவுக்குக் கட்டுப்படியாகுமா?

கேள்வி: அம்மாபேட்டை

அனைவருக்கும் வணக்கம். சேலத்தில் நான்கு பேராக ஆலைக் கட்டுப்பாட்டு மென்பொருள் எழுதி வருகிறோம். ஆத்தூர்ப் பக்கத்தில் ஒரு சேகோ (ஜவ்வரிசி) ஆலைக்குச் செய்து கொடுத்த வேலையில் எங்களால் நேர்ந்த ஒரு தவறுதான் இந்தக் கேள்விக்குக் காரணம். மரவள்ளிக் கிழங்கைக் கழுவும் இயந்திரம், அதை ஏற்றிச் செல்லும் கன்வேயர், அரவை இயந்திரம், சல்லடை, மாவுப்பாலைத் தொட்டிக்கு அனுப்பும் பம்பு என ஐந்து மோட்டார்களை எங்கள் பி.எல்.சி. (ஆலை இயந்திரங்களைக் கட்டுப்படுத்தும் சிறு கணினி) நிரல் முறைப்படி கிளப்பி நிறுத்துகிறது. நிரல் எழுதும் முன்பே, எந்த நிலையில் எது நடந்தால் எந்த நிலைக்கு மாறும் என்று அம்புகளால் காட்டும் நிலைமாற்ற வரைபடம் வரைந்து, ஆலை உரிமையாளரிடம் காட்டி, ஒப்புதலும் பெற்றிருந்தோம்.

ஓர் இரவு மின்சாரம் போய், ஜெனரேட்டர் ஓடத் தொடங்கி, மோட்டார்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பிக்கொண்டிருந்த நேரத்தில் ஜெனரேட்டரும் நின்றுவிட்டது. சில நொடிகளில் மின்வாரிய மின்சாரம் திரும்பியது. பி.எல்.சி. மட்டும் யு.பி.எஸ்.இல் ஓடியதால், முதல் முறை தொடங்கிய டைமர் ரத்தாகாமல் தன் போக்கில் ஓடி முடிந்து, அரவை இயந்திரம் நின்றிருக்கும்போதே கன்வேயரைக் கிளப்பிவிட்டது. அரவையின் வாயில் குவிந்து இறுகிய கிழங்கை வெட்டி எடுக்க விடிந்துவிட்டது. பிடுங்கிய மரவள்ளி நாள் கணக்கில் தாங்காது என்பது இந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும். அந்த இழப்பு இன்னும் எங்களை உறுத்துகிறது. வரைபடத்தை மீண்டும் எடுத்துப் பார்த்தபோது, "ஓடுகிறது" என்ற நிலையிலிருந்து மட்டுமே மின்வெட்டுக்கு அம்பு போட்டிருந்தோம். "கிளம்புகிறது" என்ற நிலையிலிருந்து அம்பே இல்லை. மூன்று மாதம் நால்வரும் பார்த்த படம் அது.

வரைந்து வைப்பதோடு நில்லாமல், இப்படிப்பட்ட வரைபடத்தை மாதிரியாகக் கொண்டு அந்த மாதிரியையே கணினியில் இயக்கிச் சோதிக்கும் முறைகள் இருப்பதாகப் படித்தேன். எங்களைப் போன்ற சிறு குழுவுக்கு அது கட்டுப்படியாகுமா? நிரலையும் அந்த மாதிரியிலிருந்தே உருவாக்கிக்கொள்ள வேண்டுமா?

பதில் 1: ஏற்காடு

வணக்கம். மழைக்காலத்தில் இந்த மலையில் ஒரு நாளில் எத்தனை முறை மின்சாரம் போய் வருகிறது என்பதை அறிந்தவன் என்ற முறையில், உங்கள் ஆலையில் நேர்ந்தது அரிய நிகழ்வு அல்ல என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அடுத்தடுத்து இரண்டு மின்வெட்டு என்பது இங்கே அன்றாட நிகழ்ச்சி. அது உங்கள் மாதிரிக்குள் இல்லாமல் போனதுதான் குறை.

1983இல் கணினி அறிவியலாளர் டேவிட் ஹாரெல் இஸ்ரேலில் ஒரு போர் விமானத்தின் மின்னணுப் பொறியாளர்களுக்கு ஆலோசகராகச் சென்றபோதும் இதே சிக்கலைத்தான் கண்டார். ஆவணங்கள் தடித்தடியாக இருந்தன. ஆனால் இன்ன நிலையில் இந்தப் பொத்தானை அழுத்தினால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு அவற்றிலிருந்து தெளிவான விடை கிடைக்கவில்லை. அங்கே பிறந்த நிலை வரைபட முறையை அவர் 1987இல் கட்டுரையாக வெளியிட்டார். ஒரு நிலைக்குள் பல உள்நிலைகளை அடக்குவதும், ஒரே நேரத்தில் நடக்கும் பல செயல்களை அருகருகே வைப்பதும் அதன் சிறப்புகள். ஒவ்வோர் அம்புக்கும் கணினி புரிந்துகொள்ளும் திட்டவட்டமான பொருள் கொடுத்துவிட்டால், நிகழ்வுகளை ஒவ்வொன்றாக ஊட்டி அந்தப் படத்தையே இயக்கிப் பார்க்கலாம்.

உங்கள் ஆலைக்கு வருவோம். ஒரு மோட்டாருக்கு நின்றது, கிளம்புகிறது, ஓடுகிறது, பழுது என நான்கு நிலைகள் என்றால், ஐந்து மோட்டார்களுக்குச் சேர்த்து 1,024 நிலைகள். மின்வாரியம், ஜெனரேட்டர், இரண்டும் இல்லை என்ற மூன்றையும், தானியக்கம், கைமுறை என்ற இரண்டையும் பெருக்கினால் 6,144. டைமர்களைச் சேர்க்கும் முன்பே இவ்வளவு. இதை நால்வர் கண்ணால் பார்த்துத் தீர்ப்பது இயலாத காரியம். ஆகவே உங்களை நீங்களே அதிகம் நொந்துகொள்ள வேண்டாம். ஆனால் கணினிக்கு இது மிகச் சிறிய எண். பெல் ஆய்வகத்தில் ஜெரார்ட் ஹோல்ஸ்மன் உருவாக்கிய ஸ்பின் என்ற இலவச மென்பொருளிடம், "அரவை ஓடாதபோது கன்வேயர் ஓடக் கூடாது" என்ற ஒரே விதியைக் கொடுத்தால், நிகழ்வுகள் எந்த வரிசையில் வந்தாலும் அந்த விதி உடையாமல் இருக்கிறதா என்று எட்டக்கூடிய நிலைகள் அனைத்தையும் தேடிப் பார்க்கும். உடைந்தால், எந்தெந்த நிகழ்வு எந்த வரிசையில் வந்ததால் உடைந்தது என்ற தடத்தையும் காட்டும்.

மாதிரியில் உங்கள் நிரலை மட்டும் எழுதினால் பயன் பாதிதான். மின்சாரம் எப்போது வேண்டுமானாலும் போகலாம், வரலாம், மறுபடி போகலாம் என்று மின்சாரத்தையும் தனி உறுப்பாக எழுதுங்கள். டைமருக்கு இத்தனை நொடி என்று எழுதத் தேவையில்லை. "தொடங்கிய பின் எப்போது வேண்டுமானாலும் முடியலாம்" என்பதே போதும். அந்தத் தளர்ச்சிதான் உங்கள் இரவு விபத்தைப் பிடித்துக் காட்டும்.

பதில் 2: சூரமங்கலம்

மேலே சொன்னதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் கேள்வியின் இரண்டாம் பாதிக்கு, நிரலை மாதிரியிலிருந்து உருவாக்கத் தேவையில்லை என்பதே என் விடை. பெரிய விமானத் திட்டங்களில் அப்படிச் செய்கிறார்கள்; அங்கே அதற்கான கருவிகளும் பயிற்சி பெற்ற ஆட்களும் உண்டு. நான்கு பேர் குழு அதற்குள் இறங்கினால், கருவியின் பிழையைத் தேடுவதே தனி வேலையாகிவிடும். எங்கள் அலுவலகத்தில் ஒருமுறை அப்படி நடந்தது.

ஒரே படத்துக்கு எல்லாக் கருவிகளும் ஒரே பொருள் கொள்வதில்லை என்பதையும் கவனியுங்கள். ஒரே நிகழ்வுக்கு வெளிநிலையிலும் உள்நிலையிலும் அம்பு இருந்தால், ஹாரெலின் முறையில் வந்த ஸ்டேட்மேட் என்ற கருவி வெளி அம்புக்கு முன்னுரிமை தரும், மென்பொருள் வரைபடங்களுக்கான பொதுத் தரமான யு.எம்.எல். உள் அம்புக்குத் தரும். அவசர நிறுத்தத்தை வெளிநிலையில் வைத்துவிட்டு நிம்மதியாக இருப்பவர், கருவி மாறும்போது அந்த நிம்மதியை இழக்கக்கூடும்.

பி.எல்.சி.க்காரரான உங்களிடம் இயக்கக்கூடிய வரைபடம் ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. பி.எல்.சி. நிரல் மொழிகளுக்கான ஐ.இ.சி. 61131-3 தரத்தில் உள்ள எஸ்.எஃப்.சி. என்ற வரைபட மொழி, பிரான்சில் 1970களில் உருவான கிராஃப்செட் முறையின் வழிவந்தது. அதன் வேர் 1962இல் கார்ல் ஆடம் பெட்ரி முன்வைத்த, பெட்ரி வலைகள் எனப்படும் வரைபடங்களில் இருக்கிறது. கட்டுப்பாட்டு நிரலை அதில் எழுதுங்கள், சோதனைக்கான மாதிரியைத் தனியாக ஸ்பின்னில் வையுங்கள். நிரலில் ஓர் அம்பு கூடினால் அன்றைக்கே மாதிரியிலும் கூட்ட வேண்டும் என்பதை மட்டும் விதியாக வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் நிரல் ஒரு பக்கமும் மாதிரி ஒரு பக்கமுமாக விலகிவிடும்.

கேள்வி கேட்டவர்: அம்மாபேட்டை

இருவருக்கும் நன்றி. ஸ்பின்னைக் கற்றுக்கொள்ள நான்கு நாள் ஆயிற்று. மாதிரி எழுத இரண்டு நாள். மின்சாரத்தைத் தனி உறுப்பாகச் சேர்த்ததும், நடந்த விபத்தின் தடம் முதல் ஓட்டத்திலேயே வந்துவிட்டது. மின்வெட்டு வந்தால் எல்லா டைமர்களையும் ரத்து செய்யும்படி மாற்றிய பின் அந்த விதி உடையவில்லை.

அந்தத் தடத்தைத் தாளில் எழுதி ஆலைக்கு எடுத்துச் சென்று, இரவுப் பணியில் இருக்கும் மூத்த ஆபரேட்டரிடம் காட்டினேன். பொறுமையாகப் படித்துவிட்டு, "மின்சாரம் இப்படி விட்டு விட்டு வந்தால் நான் சுவிட்சைக் கைமுறைக்கு மாற்றி, அரவையை முதலில் கிளப்பி, அது வேகம் எடுத்த பிறகு தானியக்கத்துக்குத் திருப்புவேன், தம்பி" என்றார். ஓடும் அரவையோடு தானியக்கத்துக்குத் திரும்பும் அந்த அம்பு எங்கள் நிரலிலும் இல்லை, மாதிரியிலும் இல்லை. இன்று அவரையும் ஓர் உறுப்பாகச் சேர்த்து ஓட்டியபோது, திரும்பிய கணத்தில் எங்கள் நிரல் அரவைக்கு மறுபடியும் கிளம்பும் ஆணை கொடுப்பது தெரிந்தது. இதைச் சரிசெய்த பிறகு மாதிரியை முழுமையாக இங்கே பதிவிடுகிறேன்.