போன் ஹாட்ஸ்பாட் லேப்டாப்பில் வரமாட்டேங்குது

கேள்வி:
பழைய லேப்டாப், விண்டோஸ் 10. வீட்டு ரவுட்டரில் ஒரு தொல்லையும் இல்லை. வெளியே போய் ஆண்ட்ராய்டு போனில் ஹாட்ஸ்பாட் போட்டால் மட்டும் லிஸ்டில் பெயரே காட்டாது. தங்கையோட போன் அதே ஹாட்ஸ்பாட்டில் உடனே ஏறிக்கிது. ரீஸ்டார்ட், டிரைவர் அப்டேட் எல்லாம் பார்த்தாச்சு. "புது லேப்டாப் வாங்கு" தவிர வேற யோசனை இருந்தா சொல்லுங்க.

பதில் 1:
பெயரே தெரியலைன்னா பாஸ்வேர்டைப் பத்திப் பேச வேண்டியதே இல்லை. போன் சிக்னலை 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் (பேண்ட்) விடுது போல. பழைய வைஃபை கார்டு பலதுக்கு 2.4 மட்டும்தான் தெரியும். ஹாட்ஸ்பாட் செட்டிங்ஸில் பேண்டை 2.4க்கு மாத்துங்க. செக்யூரிட்டி (வைஃபை பாதுகாப்பு முறை) டபிள்யூபிஏ3ன்னு இருந்தா அதையும் டபிள்யூபிஏ2 ஆக்கிடுங்க. டிரைவரை விட்டுடுங்க, பாவம்.

பதில் 2:
ஐபோன்காரங்களுக்கு: ஹாட்ஸ்பாட் பக்கத்திலேயே 'மேக்ஸிமைஸ் கம்பாட்டிபிலிட்டி'ன்னு இருக்கும். ஆன் பண்ணா 2.4க்கு வந்துடும்.

கேட்டவர்:
பெயர் வந்துடுச்சு, கனெக்டும் ஆகுது! ஆனா 'நோ இன்டர்நெட்'னு நிக்குது.

பதில் 1:
வைஃபை ப்ராப்பர்டீஸைத் திறந்து கீழே ஐபிவி4 அட்ரஸ் (நெட்வொர்க்கில் லேப்டாப்போட முகவரி எண்) என்னன்னு பாருங்க. 169.254ல ஆரம்பிச்சா போன்கிட்ட இருந்து அட்ரஸ் வந்து சேரலைன்னு அர்த்தம்.

கேட்டவர்:
இல்லையே, 192.168.1.50ன்னு காட்டுது. வீட்லயும் இதேதான்.

பதில் 1:
மாட்டிக்கிச்சு. அது உங்க வீட்டு ரவுட்டரோட வரிசை. போன் 192.168.43 மாதிரி வேற வரிசையில் கொடுக்கும். யாரோ அட்ரஸைக் கையால போட்டு வச்சிருக்காங்க. அதான் வீட்ல ஓடுது, வெளியே முரண்டு பிடிக்குது. கண்ட்ரோல் பேனலில் நெட்வொர்க் கனெக்‌ஷன்ஸ் போய் வைஃபை மேல ரைட் கிளிக், ப்ராப்பர்டீஸ், இன்டர்நெட் புரோட்டோகால் வெர்ஷன் 4. அங்க ஐபி, டிஎன்எஸ் (வெப்சைட் பெயரை முகவரி எண்ணா மாத்தித் தர்றது) ரெண்டையும் ஆட்டோமேட்டிக்குக்கு மாத்துங்க.

கேட்டவர்:
ஓடுது சார்! பிரிண்டர் மாட்டித் தந்தவர் போட்ட அட்ரஸா இருக்கும். வீட்ல எல்லாரும் இந்த லேப்டாப் வழியாத்தான் பிரிண்ட் எடுக்கிறோம். அது நின்னுடுமா?

பதில் 1:
அட்ரஸ் மாறினா நிக்கலாம். ரவுட்டரில் அட்ரஸ் ரிசர்வேஷன்ல இந்த லேப்டாப்போட மேக் அட்ரஸைக் (வைஃபை கார்டோட அடையாள எண்) கொடுத்து அதே 50ஐ ஒதுக்கிடுங்க. வீட்ல பழையபடி இருக்கும், வெளியே போன் கொடுக்கிறதை வாங்கிக்கும். அப்புறம் ஹாட்ஸ்பாட்டுக்கு 'மீட்டர்டு கனெக்‌ஷன்' போட மறந்துடாதீங்க. இல்லேன்னா விண்டோஸ் அப்டேட் உங்க டேட்டாவை முழுங்கிடும்.